அம்மிணியை ரேஸ் காரில் ஏற்றும் முன்: கோவைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

செட்டிபாளையத்தில் 2003-லிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி உதிரிபாகங்களை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் பெயரில்தான் அந்த ட்ராக். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓடிய நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். லேத் பட்டறைக்கும் இங்கே பஞ்சமில்லை. இவ்வளவும் பக்கத்திலேயே இருந்தும் பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதற்கு ஓட்டத் தெரியாதது காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் வீட்டில் போடும் கணக்குதான் தப்பாக இருக்கும்.

"பதினெட்டு ஆகட்டும், லைசென்ஸ் எடுத்துட்டுப் பாத்துக்கலாம்" என்பதுதான் முதல் தவறு. ஃபார்முலா ஒன்னை நோக்கி 4, 3, 2 என்று ஏறும் படிகளில் கீழ்ப்படியான, எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) அங்கீகரித்த ஃபார்முலா 4 காரில் 15 வயதிலேயே ஏறலாம். ஐரோப்பாவில் எட்டு வயதில் கார்ட் (கூரையில்லாத சின்ன ரேஸ் வண்டி) ஓட்டத் தொடங்கிய பிள்ளைகள் அந்த வயதில் அங்கே வந்து நிற்பார்கள். மூடிய ட்ராக்கில் கார்ட் ஓட்டச் சாலை லைசென்ஸ் வேண்டியதில்லை. இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐ தரும் போட்டி உரிமம் போதும்; வயது குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் மருத்துவச் சான்றும் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஃபார்முலா ஒன்னுக்கான சூப்பர் லைசென்ஸ் வாங்கச் சாலை லைசென்ஸ் கட்டாயம். அதனால் பதினெட்டில் அதை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது. தோட்டத்து வண்டித்தடத்தில் பையன் பன்னிரண்டு வயதில் டிராக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிடுகிறான். அவன் அக்கா வரப்பில் நின்று பார்க்கிறாள். அந்த ஐந்தாறு வருட இடைவெளியைப் பிறகு எந்தப் பயிற்சியாளராலும் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது, வாடகை கார்ட்டில் வந்த நேரத்தை நம்புவது. வாடகை வண்டிகளில் பெரும்பாலும் 6 முதல் 9 குதிரைத்திறன் உள்ள நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், சீக்கிரம் தேயாத கெட்டி டயர், சுற்றிலும் பம்பர். போட்டியில் ஓடும் ரோடாக்ஸ் சீனியர் பிரிவு கார்ட்டில் இருப்பது 125 சிசி ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். கிட்டத்தட்ட 30 குதிரைத்திறன். பிரேக் பிடிக்கும் இடமும் வளைவில் உள்பக்க டயர் தரையை விட்டுத் தூக்கும் விதமும் முழுக்க வேறு. வாடகை கார்ட்டில் ஒரே ஒரு வேகமான சுற்றைப் பார்க்காதீர்கள். பத்துச் சுற்றில் மிக வேகமானதும் மிக மெதுவானதும் அரை நொடிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் செலவு செய்யலாம்.

"பொண்ணு எடை கம்மி, அதனால லாபம்" என்பதும் செல்லாது. பெரும்பாலான பிரிவுகளில் குறைந்தபட்ச எடை வண்டியும் ஓட்டுநரும் சேர்த்துத்தான். 45 கிலோ பிள்ளைக்கு ஈயக்கட்டி ஏற்றித்தான் ஆக வேண்டும். உடம்பின் எடை ஓட்டுநரோடு சாயும், ஈயம் அப்படியே கிடக்கும். ஆகவே அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். சீட்டின் முதுகில் உயரத்தில் மொத்தமாக மாட்டுவது இங்கே வழக்கமான பிழை. வண்டி வளைவில் குதிக்கும், பின்டயர் சூடேறி வழுக்கும். பாதியைச் சீட்டின் அடிப்பக்கமும் மீதியை முன்பக்கத் தரைத்தட்டிலும் பிரித்து வைத்து, ஓட்டிப் பார்த்து நகர்த்த வேண்டும். ஒவ்வொரு கட்டிக்கும் குறைந்தது ரெண்டு போல்ட், அகலமான வாஷர், லாக் நட். கம்பி கட்டுவதும் டேப் சுற்றுவதும் கூடாது. ஓட்டத்தில் ஈயம் கழன்று விழுந்தால் பின்னால் வருபவரின் உயிருக்கு ஆபத்து.

சீட் பெரிதாக இருந்தால் விலா எலும்பு அடிபடும். அண்ணன் உட்கார்ந்த சீட்டில் ஸ்பாஞ்ச் திணித்துத் தங்கையை உட்கார வைப்பது பணம் மிச்சமில்லை, மருத்துவச் செலவு. அவள் அளவுக்குச் சீட் வாங்குங்கள். விலாக்காப்பில் எஃப்ஐஏ 8870-2018 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃபார்முலா காரில் சீட் இன்னும் நுணுக்கம். ரெண்டு திரவத்தைக் கலந்து பைக்குள் ஊற்றி, ஓட்டுநர் மேலே உட்கார, நுரை பொங்கி அவர் உருவத்துக்கு இறுகுவதுதான் முறை. சுடிதாரோடு, செருப்போடு உட்கார்ந்து அச்செடுப்பது தவறு. முழு சூட், ரேஸ் ஷூ, கழுத்துப் பாதுகாப்பான ஹான்ஸ் எல்லாம் போட்டு, கை ஸ்டீயரிங்கில், கால் பிரேக்கில் வைத்து, நுரை இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். இடுப்பை நன்றாகப் பின்னால் தள்ளியே உட்கார வேண்டும். ஒரேயடியாக அதிகம் ஊற்றினால் நுரை ஆளை மேலே தூக்கிவிடும். அப்போது ஹெல்மெட், முன்பின் ரோல் வளையங்களை இணைக்கும் கோட்டுக்கு மேலே போய்விடும். கார் கவிழ்ந்தால் தலைதான் தரையில் படும். கால் எட்டவில்லை என்றால் பெடலை ஓட்டுநர் பக்கம் நகர்த்துங்கள், முதுகுக்குப் பின்னால் குஷன் வைக்காதீர்கள். பிரேக்கை முழுக்க மிதித்தபோதும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். மடிப்பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும்; வயிற்றில் ஏறினால் மோதலில் உள்ளுறுப்பு நசுங்கும்.

மூக்குத்தி, தோடு, சங்கிலி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். எஃப்ஐஏ விதியே நகையைத் தடுக்கிறது, தீயில் உலோகம் தோலோடு சேர்ந்து சுடும் என்பதால். கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டினால் ஹெல்மெட் தலையில் முழுசாக இறங்காது. தாழ்வாக ஒற்றைச் சடை பின்னி, முகமூடித் துணிக்குள் விட்டு, சூட்டின் கழுத்துக்குள் இறக்குங்கள். கொண்டை ஊசி, கிளிப் ஒன்றும் வேண்டாம். கார்ட்டில் பின் அச்சு திறந்தே சுற்றுகிறது, தலைமுடியோ துப்பட்டாவோ மாட்டினால் பிழைப்பது கஷ்டம். உள்ளாடையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூவாயிரம் ரூபாய் நைலான் ஸ்போர்ட்ஸ் பிரா தீயில் உருகித் தோலில் ஒட்டும். தீ தாங்கும் சான்றுள்ள உள்ளாடை கிடைக்காவிட்டால், கம்பி இல்லாத சுத்தமான பருத்தி அதைவிட எவ்வளவோ மேல்.

உடம்பைப் பற்றி ஒரு கணக்கு. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஏறக்குறைய 6 கிலோ. 2 ஜி (புவியீர்ப்பைப் போல் ரெண்டு மடங்கு விசை) வளைவில் அது 12 கிலோ, ஃபார்முலா ஒன்னின் 5 ஜியில் 30 கிலோ. டயட் என்று பிள்ளையைப் பட்டினி போடும் வீடுகளில் முதலில் தளர்வது கழுத்துதான். ரப்பர் பட்டையை நாலு திசையிலும் இழுத்துப் பிடித்து 20 விநாடி, மூன்று முறை, வாரம் மூன்று நாள் என்று தொடங்கலாம். ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்தசோகையோடு சித்திரை வெயிலில் அரைமணி ஓட்டினால் கடைசிச் சுற்றுகளில் கவனம் சிதறும். ஸ்டீயரிங் கனம் ஒரு காலத்தில் நிஜமான தடை. பவர் ஸ்டீயரிங் இல்லாத ஃபார்முலா 2, 3 கார்களை முறையே 2024-லும் 2025-லும் மாற்றியபோது அந்தக் கனத்தைக் குறைத்தே வடிவமைத்தார்கள். "பொண்ணால திருப்ப முடியாது" என்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இன்னொரு ஊர்க் குழப்பம் பெயரில் இருக்கிறது. கோவையில் பல ஆண்டாக ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 நல்ல பள்ளிக்கூடம், ஆனால் அது எஃப்ஐஏ ஃபார்முலா 4 அல்ல. அதில் சாம்பியன் ஆனாலும் சூப்பர் லைசென்ஸ் புள்ளி ஒன்றுகூட வராது. புள்ளி தரும் இந்திய ஃபார்முலா 4 தனி; அது 2023-ல்தான் தொடங்கியது. சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று ஆண்டில் 40 புள்ளி வேண்டும். ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12, ஐரோப்பிய ஃபார்முலா ரீஜனலுக்கு 25, ஃபார்முலா 3-க்கு 30. ஃபார்முலா 2-வில் முதல் மூன்று இடத்துக்கு முழு 40. பெண்களுக்கு மட்டுமான எஃப்1 அகாடமி சாம்பியனுக்கு 10.

அந்தப் பத்தைப் பார்த்தாலே அடுத்த தவறு புரியும். பெண்களுக்கு மட்டும் என்று 2019-லிருந்து 2022 வரை ஓடிய டபிள்யூ சீரிஸில் ஜேமி சாட்விக் மூன்று முறை சாம்பியன். அதன்பிறகும் ஃபார்முலா 3 சீட் கிடைக்காமல் அமெரிக்காவுக்குப் போய், 2024-ல் அங்கே இண்டிகாருக்கு முந்தைய படியான இண்டி நெக்ஸ்டில், ரோடு அமெரிக்கா ட்ராக்கில் நடந்த பந்தயத்தை வென்றார். டபிள்யூ சீரிஸ் தொடரே பணமில்லாமல் 2022-ல் பாதியில் நின்றது. 2023-ல் தொடங்கிய எஃப்1 அகாடமி அதைவிடப் பலமானது, ஃபார்முலா ஒன் அணிகளே பின்னால் நிற்கின்றன. ஆனால் ஓடுவது ஃபார்முலா 4 ரகக் கார்தான். 2024 சாம்பியன் அப்பி புல்லிங்குக்குப் பரிசாகக் கிடைத்தது பிரிட்டனில் ஓடும் ஜிபி3 தொடரில் ஒரு சீட். அதே ஆண்டு ஆண்களோடு ஓடி பிரிட்டிஷ் ஃபார்முலா 4 பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண்ணும் அவரே. அந்த வெற்றிதான் அணி மேலாளர்கள் கண்ணில் கனமானது என்பது என் கணிப்பு. அகாடமிக்குப் போவது தவறில்லை. அங்கே போவதையே இலக்காக வைத்து, கலப்புப் பந்தயத்தைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. 2024-ல் அகாடமியில் ஒரு ஓட்டுநர் கட்ட வேண்டிய பங்கு ஒரு லட்சம் யூரோ; நம் காசில் 90 லட்சம் அளவில். ஒரு தோட்டத்தை விற்று இந்த ஒரு வருடத்தில் கொட்டிவிட்டால் அடுத்த படிக்குக் கையில் ஒன்றும் இருக்காது. குறைந்தது ரெண்டு சீசனுக்கான பணம் தெரிந்த பிறகு முதல் சீசனைத் தொடங்குங்கள்.

இந்தியன் ரேசிங் லீக்கில் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்க வேண்டும். இது பக்கத்திலேயே திறந்திருக்கும் கதவு. அதில் ஓடுவது 1100 சிசி எஞ்சினில் சுமார் 220 குதிரைத்திறன் தரும் வுல்ஃப் கார். நேராகக் கார்ட்டிலிருந்து அதில் ஏறினால் தடுமாற்றம்தான். நடுவில் ஒரு சீசனாவது ஃபார்முலா 4 ஓடியிருக்க வேண்டும்.

திருப்பூர் பனியன் கம்பெனியிடமோ ஈரோட்டு ஜவுளிக்கடையிடமோ ஸ்பான்சர் கேட்கப் போகிறவர்கள் "முதல் பெண்" என்ற வார்த்தையை நம்பியே போகிறார்கள். 1958-லேயே மரியா தெரேசா டி ஃபிலிப்பிஸ் ஃபார்முலா ஒன் ஓட்டிவிட்டார். லெல்லா லொம்பார்டி 1975-ல் ஸ்பெயினில் அரைப் புள்ளி வாங்கினார். 1976-க்குப் பிறகு எந்தப் பெண்ணும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கிளம்பவில்லை என்பதும் உண்மை. அந்தப் பட்டம் ஒரு பேட்டிக்கு உதவும், ரெண்டாம் வருடச் செக்குக்கு உதவாது. பந்தயத் தேதிகள், காரில் லோகோ வரும் இடம், கடை ஆட்களை ட்ராக்குக்கு அழைக்கும் நாள், மாதம் எத்தனை வீடியோ என்று ரெண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஃபார்முலா ஒன்னை மட்டுமே உச்சம் என்று பார்ப்பதும் கண்ணை மறைக்கும். மிஷேல் மூட்டோன் உலக ராலியில் நான்கு பந்தயங்களை வென்று, 1982-ல் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்தார். 2023-ல் பஹ்ரைனில் அயர்ன் டேம்ஸ் அணி, மூன்று பெண்கள் மட்டுமே ஓட்டி, மணிக்கணக்கில் ஓடும் உலக எண்டூரன்ஸ் பந்தயத்தில் தங்கள் பிரிவை வென்றது. ராலி நம் ஊரிலேயே நடக்கிறது. தேசிய ராலியின் கோவைச் சுற்றில் முதலில் ஓட்டுநருக்கு வழி சொல்லும் நேவிகேட்டர் சீட்டில் உட்கார்ந்து, பேஸ் நோட்ஸ் என்ற வழிக்குறிப்பு எழுதிப் பழகலாம். வளைவின் கூர்மையை 1 முதல் 6 வரை எண்ணால் குறித்து, தூரத்தை மீட்டரில் சேர்த்து, பெரிய எழுத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வியர்வையில் கரைந்துவிடும்.