பாண்டிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சாயங்காலம் காரோடு பீச் ரோட்டுக்குள் நுழைய நினைப்பதுதான் முதல் தவறு. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இது தெரியாமல் வரும் கார்கள் பக்கத்துத் தெருக்களில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் நடந்தே சுற்றிவிடக்கூடிய இடம். அதன் மேற்கு எல்லையான பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

நேர் ரயில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் வீண். விழுப்புரத்தில் இறங்கினால் பாண்டிக்கு பஸ் அடிக்கடி உண்டு. ஆட்டோவில் ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். இறங்கும்போது பேசினால் பேச்சு நீளும்.

அடுத்த தவறு ஆபத்தானது: காந்தி சிலைக்குப் பக்கத்தில் பாறைகளில் இறங்கி, கடலில் கால் நனைப்பது. அந்தக் கருங்கற்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வீராம்பட்டினத்தில் கரை அகன்றது. நகரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் தின்றது. கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கிருந்து வடக்கே மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. ஊருக்கென்று கட்டிய துறைமுகம் ஊரின் கடற்கரையையே விழுங்கியதுதான் வேடிக்கை. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் அலை இழுத்துக் கற்களின் மேலேயே அறையும்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. சரி, அங்கே உட்காரலாம், விளையாடலாம். குளிக்க மட்டும் வேண்டாம்.

படங்களில் பார்த்த, கடலுக்குள் நீளும் பழைய துறைமுகப் பாலத்தைத் தேடி வருகிறவர்களும் உண்டு. 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

அப்புறம் பூங்கா. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘பார்க்’ என்று சொல்லாதீர்கள். ஆயி மண்டபம் இருப்பது ராஜ்நிவாஸ் (ஆளுநர் மாளிகை) எதிரே உள்ள பாரதி பூங்காவில். 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஊரின் இன்னொரு கோடியில், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம். மதிய வெயிலுக்கு ஒதுங்க இரண்டுமே நல்ல இடங்கள்.

நல்ல மணல்தான் வேண்டுமென்றால் கடலூர் சாலையில் நோணாங்குப்பம் போங்கள். அங்கிருந்து சுண்ணாம்பாற்றில் படகு ஏறினால் முகத்துவாரத்து மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். திரும்ப வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.