காவியப் பெயர் வைக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து பெயர் கேட்டு வருவார்கள். இப்போது வருகிற இளம் தகப்பன்மார், சோகக் கதையில் வருகிற வீரன் பெயராக வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்கள்மேல் ஆசை உண்டு. ஆனால் நான் செய்த தப்பையே இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

பட்டப்பெயரைச் சொந்தப் பெயர் என்று நினைப்பது

உச்சிப்புளித் தம்பி ஒருவர் மகனுக்கு மஜ்னூன் என்று வைக்க இருந்தார். கீழக்கரையில் மதரஸாவில் ஓதும் பிள்ளையைக் கேட்டாலே சொல்லும், அதற்குப் பித்துப் பிடித்தவன் என்று பொருள். லைலாவை நினைத்து அலைந்தவனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அவன் சொந்தப் பெயர் கைஸ்.

கதையை வீட்டில் சொல்லாமல் பதிவது

என் தங்கைக்கு மகன் பிறந்தபோது தாய்மாமன் என்ற உரிமையில் அபிமன்யு என்று நான்தான் சொன்னேன். பதினாறு வயதில் சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போனவன். அதைவிடத் துணிச்சலான பிள்ளை யார்? ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினார்கள், அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

தொட்டில் போடுகிற அன்று மாப்பிள்ளையின் அப்பத்தா கதையைக் கேட்டார். சொன்னேன். தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

“உள்ள போகத் தெரிஞ்சு வெளிய வரத் தெரியாதவன் பேரையா தம்பி, கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு வச்சிருக்கீக?”

என்னிடம் பதில் இல்லை. பாரதத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தடவையும் அதை யோசித்ததில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவன் கதிர். சான்றிதழில் அபிமன்யு. ஆதாரில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. கடைசியில் அரசிதழில் பெயர் மாற்றி ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அதற்காகத் தங்கை வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் அலைந்தாள்! இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தனைக்கும் அந்த அவசரமே தேவையில்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பை, பெயரை அல்ல. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்க வழி இருக்கிறது. அந்த அவகாசத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்துக் கதையை முடிவுவரை சொல்லுங்கள். முக்கியமாக முடிவைச் சொல்லுங்கள்.

நாயகனோடு நின்றுவிடுவது

பாஞ்சாலிக்காகக் கௌரவர் சபையில் எழுந்து பேசியவன் துரியோதனன் தம்பி விகர்ணன். அந்தப் பெயரை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இரட்டையர்

கர்ணன், அர்ச்சுனன் என்று வைக்கவே வைக்காதீர்கள்.

நல்ல பெயரைக் கதைக்குப் பயந்து தள்ளுவது

அம்பிகாபதி என்றதும் தலை போனவன் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். கம்பர் மகன் கதை அப்படித்தான். ஆனால் அது சிவன் பெயர், அம்பிகையின் துணைவன். போன மாதம் அதே அப்பத்தாவிடம் கேட்டேன். ராமநாதரும் பர்வதவர்த்தினியும் இருக்கிற ஊரில் அந்தப் பேருக்கு என்ன குறை என்றார்.