இருப்பிடத்தை நகலெடுத்து வைக்காதீர்கள்

மதுரை கே.கே. நகரில் மாலை வேளைகளில் நான்கு மாணவர்களுக்கு ஆண்ட்ராய்டு சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் இருவர் கொண்டுவந்த நிரலில், இருப்பிடத்தை நகலெடுத்து வைக்கும், முன்பு நான் எழுதிய அதே தவறான வரியைக் கண்டு திடுக்கிட்டேன். இருப்பிட அனுமதி கேட்க மறப்பது, ஜிபிஎஸ் அணைந்திருப்பதைக் கவனிக்காதது போன்ற மற்றத் தவறுகளை முதல் நாளே செயலி காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆளுக்கொரு நகல்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றிவரும் வேன்களுக்காக ஒரு செயலி எழுதினேன். ஓட்டுநரின் கைபேசியில் ஒரு கிளாஸ் (நிரலின் ஒரு தனிப் பகுதி) மேப்பைக் காட்டும். இன்னொன்று வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு வியாபாரிக்கு அனுப்பும். கடைசி இருப்பிடம் எல்லாக் கிளாஸ்களும் பொதுவாகப் பார்க்கக்கூடிய ஒரு ஸ்டாட்டிக் மாறியில் இருந்தது. கணக்குக் கிளாஸோ தான் உருவாகும்போதே அதை எடுத்துத் தன் மாறியில் வைத்துக்கொண்டது. ஸ்டாட்டிக் மாறிக்குள் புதுப்புது இருப்பிடம் வந்தும், இதன் கையில் இருந்தது பழையதுதான்.

ஒருநாள் செக்கானூரணியில் ஓட்டுநர் டீக்கு நிறுத்தியபோது செயலியின் திரை மீண்டும் உருவானது, அதோடு கணக்குக் கிளாஸும். மேப்பில் வேன் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிக் காளவாசலுக்கு வந்துவிட்டது. வியாபாரிக்குப் போன கணக்கு செக்கானூரணியிலேயே நின்றது. அவர் சுமை இறக்கும் ஆட்களை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டார். ஆள் இல்லாமல் காத்திருந்த மூட்டைகளுக்குள் கை விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, மொட்டுகள் மலரத் தொடங்கியிருந்தன. மலர்ந்த மல்லிக்கு விலை ஏது?

“வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் கணக்கை நம்பித்தானே ஆளை அனுப்பினேன், தம்பி?” என்றார் வியாபாரி.

இந்தத் தவறு இன்றும் என்னை எரிச்சலூட்டக் காரணம், இதில் பிழைச்செய்தி எதுவும் வராது. மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைபேசியில் நகலும் நிஜமும் ஒன்றே. எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே தெரியும். பெரியார் பஸ் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறிச் சோதியுங்கள்.

ஜிபிஎஸ்ஸிடம் பேச ஒரே ஒரு ரெப்பாசிட்டரி கிளாஸ், அதாவது தரவைப் பெற்றுத் தரும் கிளாஸ், போதும். புதிய இருப்பிடம் வந்ததும் அதை அது ஒரு ஸ்டேட்ஃப்ளோவில் இடட்டும்; கடைசி மதிப்பை வைத்திருந்து, அது மாறும்போதெல்லாம் கவனிப்பவர்களுக்குச் சொல்லும் ஓட்டம் அது. மற்ற கிளாஸ்கள் அந்த ஓட்டத்தைக் கவனித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கை மறுபடி போடட்டும். யாரும் தனக்கென்று நகல் வைத்துக்கொள்ளக் கூடாது.

வயது தெரியாத புள்ளி

இருப்பிடத்தோடு அது எடுக்கப்பட்ட நேரமும் சேர்ந்தே போக வேண்டும். அதன் வயதைக் கணக்கிடக் கைபேசிக் கடிகாரத்தை நம்பாதீர்கள். அதை யாரும் மாற்றிவிடலாம். கைபேசி இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் நேரத்தை இருப்பிடப் பொருளே தருகிறது, அதை எடுங்கள். துல்லியத்தையும் உடன் அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு தரும் ஆரம் 68 சதவீத நம்பகத்துக்கானது. உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம்.

நிறுத்தும்போது

இருப்பிடம் வரும்போதெல்லாம் ஆண்ட்ராய்டு அழைக்க நாம் பதிவு செய்து வைப்பது கால்பேக். இருப்பிடம் வருவதை நிறுத்த, பதிவு செய்த அதே கால்பேக் பொருளையே கொடுங்கள். புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் எதுவும் நிற்காது.

திரை மறைந்த பிறகு

ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணிச் செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும். ஓடும் வேனுக்கு அது போதாது. திரை மறைந்தாலும் பயனருக்கு அறிவிப்புக் காட்டியபடி ஓடும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேண்டும்.