பழைய கைக்கருவியை எறியும் முன் அரத்தால் ஒரு முறை உரசிப் பாருங்கள்

பழைய கருவி என்றாலே உறுதியானது, புதியது என்றாலே மட்டம் என்று பலரும் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. தரமில்லாத பழைய கருவிகள் எப்போதோ உடைந்து குப்பைக்குப் போய்விட்டதால், எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை நல்லவையாகவே இருக்கின்றன. கவனிக்க வேண்டியது, பழுதுபார்க்க முடியுமா என்பதைத்தான்.

கைரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று விற்கும் பல ரம்பங்களில் பற்கள் மட்டும் தனியாகக் கடினமாக்கப்பட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் பல்லின் முனையில் கருநீல நிறம் தெரியும். அந்தப் பற்கள் நெடுநாள் கூர் மங்காமல் உழைக்கும் என்றாலும், மங்கிய பிறகு அரம் அவற்றின்மீது பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போவதால், புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய ரம்பத்தில் அரம் பிடித்துத் தூள் உதிர்ந்தால், முக்கோண அரத்தால் மீண்டும் மீண்டும் கூர்தீட்டிப் பல்லாண்டு பயன்படுத்தலாம்.

உளியைச் சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி நீரில் நனைத்துக் குளிரவையுங்கள். சாதாரண கரி எஃகு உளியின் விளிம்பு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி நீலம் பூத்துவிட்டால், அந்த இடத்தில் பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது என்று பொருள்.

சுத்தியலின் பிடி ஆடினால் ஆப்பை இறுக்கலாம், விரிசல் விட்டால் பிடியை மட்டும் மாற்றலாம். ஆனால் அடிக்கும் முகத்தில் சில்லு பெயர்ந்திருந்தால், அது தாத்தா காலத்துச் சுத்தியலே ஆனாலும் (மனம் வராதுதான்) கழித்துவிடுங்கள். அடுத்த அடியில் இன்னொரு சில்லு தெறித்துக் கண்ணில் பாயக்கூடும்.