384 பேர் போதுமா? உளவியல் முதுமாணி ஆய்வில் வழமையாக விடப்படும் தவறுகள்

உளவியல், உளவளத்துணைத் துறைகளில் முதுமாணி செய்வோர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்க் கிராமங்களில் வினாக்கொத்தோடு இறங்குவது இப்போது சாதாரணம். ஆய்வேட்டைக் கெடுக்கும் பிழைகளில் பெரும்பகுதி எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளைத் திறக்க முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. தரவைத் திரட்டி முடித்த பிறகு "எந்தச் சோதனை போடலாம்?" என்று மேற்பார்வையாளரிடம் போய் நிற்பதில் அதிகம் பயனில்லை.

முதலில் மாதிரி அளவு. கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970 இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து 384 என்று எழுதுவது ஒரு சடங்காகிவிட்டது. ஒரு பெரிய சனத்தொகையில் ஒரு விகிதத்தை, 5 வீத வழுவுக்குள், எளிய எழுமாற்று மாதிரியால் மதிப்பிடுவதற்கான எண் அது. இரு குழுக்களை ஒப்பிடவோ, தொடர்பு பார்க்கவோ அது உருவாக்கப்படவில்லை. நடுத்தர அளவு வேறுபாட்டை (வேறுபாட்டின் பருமனைச் சொல்லும் கோஹனின் டி 0.5) 80 வீத வலுவுடன், அதாவது வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 80 வீதமாக இருக்கும்படி, கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் போதும். சிறிய வேறுபாடென்றால் (0.2) குழுவுக்கு 390க்கு மேல் தேவை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இதை ஐந்து நிமிடத்தில் கணக்கிடலாம்.

இன்னொரு சிக்கல், நடைமுறையில் யாரும் எளிய எழுமாற்று மாதிரி எடுப்பதில்லை. ஒட்டுசுட்டானில் சில கிராம அலுவலர் பிரிவுகள், புதுக்குடியிருப்பில் சில என்று 15 பிரிவுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் 20 பேரைப் பிடிப்பார்கள். ஒரே கிராமத்து ஆட்கள் ஒரே இடப்பெயர்வையும் ஒரே மீள்குடியேற்றத்தையும் கண்டவர்கள். அவர்களின் புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்த ஒற்றுமையின் அளவு (உள்வகுப்பு இணைவுக் குணகம்) வெறும் 0.05 என்று வைத்துக்கொண்டாலும், வடிவமைப்பு விளைவு (கிராமம் கிராமமாக எடுப்பதால் மாதிரி எத்தனை மடங்கு பெரிதாக வேண்டும் என்பது) 1 + (20 − 1) × 0.05 = 1.95. அதாவது 300 பேரின் தரவு உண்மையில் 154 பேரின் தரவுக்குச் சமன். 384 வேண்டுமென்றால் 749 பேரிடம் போக வேண்டும்; பத்தில் ஒருவர் மறுப்பார் என்று எடுத்தால் 833. பணமும் ஆளும் இல்லையென்றால் ஒரு கிராமத்தில் 20 பேருக்குப் பதில் 8 பேரை எடுத்து, கிராமங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதே கணக்கில் விளைவு 1.35 ஆகக் குறையும். பகுப்பாய்விலும் கிராமத்தை ஒரு மட்டமாகச் சேர்க்காமல் விட்டால் நியம வழு (மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்ற அளவு) சிறிதாகி, இல்லாத வேறுபாடு இருப்பதுபோல் தெரியும்.

யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்குப் போனால் பெண்களும் வயதானவர்களும்தான் இருப்பார்கள். காலபோக அறுவடை நாட்களில் அவர்களும் வயலில். ஆண்களின் பங்கு 20 வீதமாகக் குறைந்த பிறகு "பால் வேறுபாடு" என்று ஓர் அத்தியாயம் எழுதுவது வீண். பின்னேரமும் ஞாயிறும் போகும்படி திட்டமிடுங்கள், ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போன பிறகே அடுத்த வீட்டுக்கு மாறுங்கள்.

நாட்காட்டியும் ஆய்வைக் கெடுக்கும். பாதித் தரவை மார்ச்சிலும் மீதியை மே நடுப்பகுதியிலும் திரட்டினால், இரண்டாவது பாதி முள்ளிவாய்க்கால் நினைவு நாட்களுக்குள் விழும். மனச்சோர்வு அறிகுறிகளை அளக்கும் ஒன்பது வினாக் கொத்தான பி.எச்.கியூ-9 கேட்பதே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. முதலில் கிளிநொச்சி, பிறகு முல்லைத்தீவு என்று ஒழுங்குபடுத்தியிருந்தால், மாவட்ட வேறுபாட்டையும் மாத வேறுபாட்டையும் பிரிக்க வழியே இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே வாரங்களில் மாறி மாறித் திரட்டுவதே தீர்வு. நவம்பர் கடைசியும் வெள்ள காலமும் இதே கதைதான்.

வினாக்கொத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. "விவாக நிலை: திருமணமாகாதவர், திருமணமானவர், விவாகரத்தானவர், விதவை." கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண் இதில் எதை அடையாளமிடுவார்? சிலர் "திருமணமானவர்" என்பார்கள். சிலருக்குப் பதிலாக வினவுபவரே "விதவை" என்று போட்டுவிடுவார். ஒன்று தரவைப் பிழையாக்கும். மற்றது அந்தப் பெண்ணை அவமதிக்கும், அதற்குப் பிறகு வரும் எந்த விடையையும் நம்ப முடியாது. தனித் தெரிவு ஒன்றைச் சேருங்கள். கிராம அலுவலர் கூட வந்து அறிமுகப்படுத்தினால் உதவித்திட்டப் பதிவு என்றே சனம் நினைக்கும். கஷ்டத்தைக் கூட்டியும் சொல்லும், குறைத்தும் சொல்லும். அனுமதியை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்குத் தனியே போங்கள்.

பி.எச்.கியூ-9 இன் ஒன்பதாவது வினா சாக நினைப்பதையும் தன்னைக் காயப்படுத்த நினைப்பதையும் பற்றியது. பூச்சியத்துக்கு மேல் எந்த விடை வந்தாலும் அன்றே பார்க்க வேண்டும். தாள்களைக் கட்டிவைத்து ஒரு மாதத்தின் பின் கணினியில் ஏற்றும்போது பார்ப்பது மன்னிக்கக்கூடிய தவறல்ல. பெயரில்லாமல், ஒட்டிய உறையில் வாங்கினால் அந்த ஆளைத் தேடவும் முடியாது. ஆகவே பெயரின்மையா, தொடர்பு இலக்கமா என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, ஒப்புதல் படிவத்தில் எழுதி, ஒழுக்கநெறி ஆய்வுக் குழுவின் அனுமதியைப் பெறுங்கள். யாரிடம் அனுப்புவது என்பதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்: மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

இனித் தரவேற்றம். விடை இல்லாத இடத்தில் 99 போடுவது வழக்கம். அதை விடுபட்ட பெறுமானமென்று மென்பொருளுக்கு அறிவிக்க மறப்பதும் வழக்கம். பி.எச்.கியூ-9 இல் எட்டு வினாவுக்கு மொத்தம் 8 எடுத்த ஒருவர் கடைசி வினாவை விட்டிருந்தால், அவருடைய கூட்டு 107 ஆகிவிடும். அந்த அளவுகோலின் உச்சமே 27. 120 பேரில் இந்த ஒரே 99 சராசரியை 0.8 உயர்த்தும். எந்தச் சோதனைக்கும் முன் ஒவ்வொரு மாறியின் ஆகக் குறைந்த, ஆகக் கூடிய பெறுமானங்களைப் பாருங்கள். கூட்டும்போது வெறுமனே "சம்" (SUM) கட்டளை போட்டால் விடுபட்டது பூச்சியமாக எண்ணப்படும். "மீன்.8" (MEAN.8) என்று எழுதி 9 ஆல் பெருக்கினால், குறைந்தது எட்டு விடை தந்தவர்களுக்கு மட்டுமே கணக்கு வரும்.

உணரப்பட்ட அழுத்த அளவுகோலின் பத்து வினாக்களில் 4, 5, 7, 8 நேர்மறையானவை. புள்ளியைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் குரொன்பாக் அல்ஃபா (வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) சரியும். அப்போது "நீக்கினால் அல்ஃபா" என்ற நிரலைப் பார்த்து அதே நான்கையும் வெட்டிவிட்டு, "எமது சூழலுக்குப் பொருந்தவில்லை" என்று எழுதுவோர் உண்டு. பொருந்தாதது சூழலல்ல. 0–4 அளவில் 4 இலிருந்து விடையைக் கழியுங்கள், 1–5 அளவில் 6 இலிருந்து. 5 இலிருந்து கழித்தால் பூச்சியம் தோன்றும்.

பி.எச்.கியூ-9 இல் 10 எடுத்தவரை "மனச்சோர்வு நோயாளி" என்று எழுதுவது அடுத்தது. 10 என்ற வெட்டுப்புள்ளிக்கு, மூல ஆய்வில் உணர்திறனும் (நோயுள்ளவரைப் பிடிக்கும் வீதம்) தனித்தன்மையும் (நோயில்லாதவரைச் சரியாக விடும் வீதம்) 88 வீதம். 200 பேரில் உண்மையில் 20 பேருக்கு நோய் என்றால், 18 பேரை அது பிடிக்கும். நோயில்லாத 180 பேரில் 22 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 40 பேரில் பாதிக்கு மேல் பிழை. "அறிகுறி மட்டம் உயர்ந்தவர்கள்" என்றே எழுதுங்கள். தமிழாக்கத்துக்கு இங்கே தனி வெட்டுப்புள்ளி பரிசோதிக்கப்பட்டிருந்தால் அதைப் பாவியுங்கள்.

சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக: வயது, கல்வி, தொழில், சமயம் என்று 20 சோதனை போட்டால், எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் ஒன்றின் பி-பெறுமானமாவது (வேறுபாடே இல்லாதபோது இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவு) 0.05 க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 வீதம். பி-பெறுமானம் .000 என்று திரையில் வந்தால் 0.001 க்குக் குறைவு என்று எழுதவும். 0.05 க்கு மேல் வந்தால் "வேறுபாடு இல்லை" என்று முடிக்காமல் நம்பிக்கை இடைவெளியை (உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சு) கொடுங்கள். ஒரே தடவை திரட்டிய தரவில் எது காரணம், எது விளைவு என்று தெரியாது, ஆகவே "தாக்கம்" என்ற தலைப்பு வேண்டாம். பன்னிரண்டு நேர்காணலை வீதமாக்கவும் வேண்டாம்.

ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும்போது அட்டவணைகளில் 5 க்குக் குறைந்த கட்டங்களைத் தேடுங்கள். சிறிய ஊரில் "41 வயது, ஆசிரியை, இரு பிள்ளைகளை இழந்தவர், தொகை 1" என்ற வரியை அந்த ஊரார் யாரும் ஒரு நொடியில் அடையாளம் காண்பார்கள். வயதை 40–49 ஆக்கி, தொழிலை "அரச உத்தியோகம்" என்று சேர்த்து, கிராமத்தின் பெயரை எடுத்துப் பிரதேச செயலகப் பிரிவை மட்டும் விடுங்கள். பெயர்ப் பட்டியலும் இலக்கத் திறவுகோலும் தரவுக் கோப்போடு ஒரே பென்டிரைவில் இருக்கக் கூடாது.