ஆட்டோகேட் போர்டு ஏன் எரிந்தது

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு. இடி மின்னல் வந்தாலே ஆட்டோகேட் போர்டு, அதாவது தானாகத் திறக்கும் வாசல் கேட்டை இயக்கும் மின்சுற்று அட்டை, எரிந்துவிடும். டிபி பெட்டியில் (வீட்டின் மின்விநியோகப் பெட்டி) டைப் 2 சர்ஜ் அரெஸ்டர் உண்டு; மின்னலால் வரும் மிகை மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி அது. அதன் ஜன்னலும் பச்சையாகத்தான், அதாவது நல்ல நிலையில்தான், இருந்தது. 20 கிலோ ஆம்பியர் அரெஸ்டரை எடுத்துவிட்டு 40 கிலோ ஆம்பியர் போட்டேன். பலனில்லை. மண்ணில் இறக்கிய எர்த் ராடை அளந்தோம், அதுவும் சரி.

அப்புறம் வயர்மேன் அண்ணன் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது: அரெஸ்டரின் எர்த் வயர் ஒரு மீட்டருக்கு மேல், அழகாகச் சுருட்டி டை கட்டியிருந்தது. மின்னல் அலையில் ஒரு மீட்டர் வயரே போர்டுக்குப் போகும் அழுத்தத்தில் சுமார் 1,000 வோல்ட் கூட்டிவிடும்! மெயினை அணைத்து, அரெஸ்டரை எர்த் வயர்கள் சேரும் எர்த் பாருக்குப் பக்கத்தில் மாற்றினார். லைவ், எர்த் வயர் இரண்டும் சேர்த்து அரை மீட்டருக்குள். கேட் 10 மீட்டருக்கு அப்பால் என்பதால் அங்கேயும் ஒன்று வைத்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ இடி, போர்டு அப்படியே இருக்கிறது. அப்பாடா!