சென்னை ஏர்போர்ட்டில் கேப் பிடிக்கும்போது: “கேன்சல் பண்ணிடுங்க சார்” என்றால் பண்ணாதீர்கள்

போன வாரம் சென்னை விமான நிலையத்தில், ஆப் கேப்கள் வந்து ஏற்றிக்கொள்ளும் மல்டிலெவல் பார்க்கிங்கில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பையனும் அவன் அம்மாவும். போனில் டிரைவரிடம், “சரிண்ணா, கேன்சல் பண்ணிடறேன், நீங்க வாங்க” என்றான். எனக்குப் பகீரென்றது. “தம்பி, அதை மட்டும் செய்யாதப்பா” என்று நான் சொல்வதற்குள் விரல் பட்டுவிட்டது. வண்டி எண்ணையாவது போட்டோ எடுத்துக்கொள் என்றேன். எடுத்தான்.

கட்டணம் பேசாமல் ஏறுவது, வாசலில் பெட்டியைப் பிடுங்குபவர் பின்னால் போவது எல்லாம் உங்களுக்கே தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கேன்சல் செய்துவிட்டு அதே வண்டியில் ஏறுவது

டிரைவர் கூப்பிடுவார். எங்கே போகணும், கேஷா ஆன்லைனா என்று கேட்பார். அப்புறம், “ஆப்புல கமிஷன் போயிடுது சார், கேன்சல் பண்ணிடுங்க, அதே காசுக்குக் கொண்டு விடறேன்” என்பார். சில ஆப்கள் கமிஷன் பிடிப்பது உண்மைதான். நல்ல மனிதர்களும் இப்படிக் கேட்கிறார்கள். அதனால்தான் மறுக்க மனசு வராது.

ஆனால் கேன்சல் ஆன அந்த நொடியிலிருந்து உங்கள் பயணத்துக்குப் பதிவே கிடையாது. ஆப் காட்டிய கட்டணம் யாரையும் கட்டுப்படுத்தாது. வண்டி எங்கே போகிறது என்று வீட்டில் இருப்பவர்களால் ஆப்பில் பார்க்கவும் முடியாது.

எட்டு வருடத்துக்கு முன் இரவு பதினொன்றரை மணிக்கு நான் இப்படி ஏறினேன். எழும்பூரில் ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டும். கத்திப்பாரா தாண்டியதும், “நைட் ரேட் சார், 200 சேர்த்துக் கொடுங்க” என்றார். கொடுத்தேன். அது போகட்டும். இறங்கும் அவசரத்தில் சூட்கேஸை மட்டும் எடுத்தேன். டிக்கியின் உள்பக்கம் நகர்ந்திருந்த சின்னப் பை அங்கேயே தங்கிவிட்டது. வக்கீலிடம் காட்டக் கொண்டுவந்த அப்பாவின் மூலப் பத்திரம் அதில்தான் இருந்தது.

ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. டிரைவர் அழைத்த எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். அது ஆப் வழியாக வந்த அழைப்பு; அவருடைய சொந்த எண் அல்ல. பயணம் ரத்தானதும் அந்த இணைப்பும் போய்விட்டது. வண்டி எண்ணை நான் குறித்துவைக்கவில்லை. கம்பெனிக்கு எழுதியபோது, நீங்கள் ரத்து செய்த பயணம், அப்படி ஒரு பயணமே நடக்கவில்லை என்று பதில் வந்தது. அவர்கள் பதிவின்படி அது சரிதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் அடங்குவதில்லை.

அப்புறம் போலீஸ் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் நிலையச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் என்று நான்கு மாதம் அலைந்தேன். அப்பா திட்டவில்லை. “நகலும் செல்லும்லப்பா?” என்று மூன்று முறை கேட்டார்.

டிரைவருக்கு வர விருப்பமில்லை என்றால் அவரே கேன்சல் செய்யட்டும். நீங்கள் பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டால் ரத்துக் கட்டணம் உங்கள் தலையில் விழவும் வாய்ப்பு உண்டு. வேறு வண்டி கிடைக்காவிட்டால் ப்ரீபெய்டு டாக்ஸி கவுண்டருக்குப் போங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கையில் ரசீது இருக்கும். அதில் வண்டி எண் இருக்கிறதா என்று பார்த்து, டிரைவரிடம் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வருவதற்கு முன்பே புக் செய்வது

பெல்ட்டில் பெட்டியைக் காணோம், டிரைவர் மூன்றாவது முறை கூப்பிடுகிறார். இந்தப் பதற்றத்தில்தான் கேன்சல் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம். டெர்மினலிலிருந்து பார்க்கிங்குக்குப் பெட்டிகளோடு நடக்கவும் நேரம் வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு புக் செய்யுங்கள்.

தெற்கே போகிறவர்கள் ஊருக்குள் போவது

திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் அரசு விரைவுப் பேருந்தில் போகிறவர்கள் பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்கு வண்டி பிடிப்பதை இன்னும் பார்க்கிறேன். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, அந்தப் பேருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. சாலையில் நகரத்துக்கு எதிர்ப்பக்கமாக அங்கேதான் போக வேண்டும். ரயில் என்றாலும் எழும்பூருக்குக் கிளம்புவதற்கு முன், உங்கள் வண்டி தாம்பரத்தில் நிற்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். பாதிக் காசு மிச்சம்.

தனி ஆளாக, ஒரே பையோடு, பகலில் கேப் பிடிப்பது

வேண்டாம். 2016 முதல் விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. கிண்டி, தேனாம்பேட்டை வழியாக நேரே சென்ட்ரல்.

டிக்கியை எட்டிப் பார்க்காமல் இறங்குவது

குனிந்து பாருங்கள். உள்ளே கையை விட்டுத் துழாவியும் பாருங்கள்.